தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? – அதுல் கவாண்டேயின் நூலை முன்வைத்து

முதியோர் இல்லத்தைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட கதைகளில் பல அதன் வாசலருகே முடிந்துவிடுகின்றன. மகன் தாயைக் கொண்டுவந்து விடுகிறான். மருமகள் ஆட்டோவை விட்டு இறங்குவதில்லை. தாய் கையசைத்து இருவரையும் வாழ்த்துகிறாள். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்தத் தாய் அன்றிரவு எந்தக் கட்டிலில் படுத்தாள், கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரிந்ததா, இரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவர் யார், மூன்று மாதம் கழித்து அவளது எடை கூடியிருந்ததா குறைந்திருந்ததா என்பன இலக்கியத்துக்கு உரிய வினாக்களாக நமக்குத் தோன்றுவதில்லை. மகனின் நன்றிகேடுதான் கதைப்பொருள். அதை மெய்ப்பிக்க வந்த சாட்சியாகவே முதியவள் நிற்கிறாள். பங்கு ஆண்டுவிழா மேடைகளில் நடிக்கப்படும் ஓரங்க நாடகங்களும் பெரும்பாலும் இத்தடத்திலேயே செல்கின்றன.

வாசலைக் கடந்து உள்ளே சென்று, அங்கே நடப்பவற்றைப் பொறுமையோடு பார்த்து எழுதிய நூல் என்ற வகையிலேயே அதுல் கவாண்டேயின் ‘பீயிங் மார்ட்டல்’ நம் கவனத்துக்கு உரியதாகிறது. 2014-இல் வெளிவந்த இந்நூலின் தலைப்பை ‘இறப்புக்குரியவராய் இருத்தல்’ எனப் பொருள்கொள்ளலாம். ஆசிரியர் பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர். மராட்டிய மாநிலத்தின் உட்டி என்னும் சிற்றூரிலிருந்து அமெரிக்கா சென்ற மருத்துவர் ஒருவரின் மகன். எட்டு அதிகாரங்கள் கொண்ட நூல். முற்பகுதி முதுமையையும் இல்லங்களையும் பேசுகிறது. பிற்பகுதி இறுதி நோயையும் சாவையும் பேசுகிறது. நூல் வெளியான நாள்முதல் புகழ் பெற்றது பிற்பகுதியே. நாம் இங்கு எடுத்துக்கொள்வது முற்பகுதியை.

தம் பாட்டனாரைப் பற்றிய பக்கங்களோடு ஆசிரியர் முதுமையின் கதையைத் தொடங்குகிறார். ஏறத்தாழ 110 வயது வரை உயிர்வாழ்ந்தவர் அவர். தள்ளாத வயதிலும் குதிரையேறித் தம் வயல்களைச் சுற்றிவந்தவர். வேறொருவர் எழுதியிருந்தால் இந்த இடம் கூட்டுக்குடும்பத்தின் புகழ்ப்பாடலாகியிருக்கும். மேனாட்டாரின் இல்லங்களைப் பழித்து நம் பண்பாட்டை உயர்த்தும் சொற்பொழிவாக முடிந்திருக்கும். கவாண்டே அந்தச் சபலத்துக்கு இடங்கொடுக்கவில்லை. பாட்டனாரின் கம்பீரத்துக்குப் பின்னால் நிலவுடைமை இருந்ததையும், இரவும் பகலும் அவரைக் கவனித்த குடும்பத்தாரின் உழைப்பு இருந்ததையும் அவர் மறைக்காமல் சொல்கிறார். கைப்பொருள் சற்றே சேர்ந்ததும் முதியோரும் இளையோரும் தனித்தனியே வாழ்வதையே தேர்ந்தனர் என்பதையும் எடுத்துக்காட்டுகிறார். நிலமற்ற கூலித் தொழிலாளியின் தகப்பனுக்கு அந்தப் பொற்காலம் என்றேனும் வாய்த்ததா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை, நாம் எழுப்பிக்கொள்ளலாம். ஆயினும் பழமையின் மீது வீண் ஏக்கத்தை வளர்க்காத இந்த நேர்மை நூலின் முதற் சிறப்பு.

இனி இல்லங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் இன்று காணும் ‘நர்சிங் ஹோம்’ முதியோரின் வாழ்க்கைத் தேவையை எண்ணித் திட்டமிடப்பட்டதன்று என்பது கவாண்டே முன்வைக்கும் வரலாறு. வறியோர் விடுதிகளில் கிடந்த முதியவர்கள் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். மருத்துவமனைகளோ அவர்களைக் குணமாக்கி அனுப்ப இயலாமல் திகைத்தன. கட்டில்களைக் காலிசெய்யும் பொருட்டு, 1954-இல் அரசு நிதியோடு தனிப் பிரிவுகள் தோன்றின. 1965-இல் வந்த மருத்துவக் காப்புத் திட்டத்துக்குப் பின் அவை காளான்களாய்ப் பெருகின. தரம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. 1970-இல் ஓஹியோ மாநிலத்தின் மாரியெட்டா நகரில் ஓர் இல்லத்தில் மூண்ட தீ முப்பதுக்கும் மேற்பட்ட முதியவர்களைப் பலிகொண்டது. அதன்பின் விதிகள் இறுகின, ஆய்வாளர்கள் வந்தார்கள். படுக்கைப் புண் இல்லையா, எடை குறையவில்லையா, விழுந்து எலும்பு முறியவில்லையா என்று ஏடுகளில் குறிக்கத் தொடங்கினார்கள். இவையெல்லாம் தேவையானவையே. ஆனால், அளக்க முடிந்தவை மட்டுமே இல்லத்தின் நோக்கமாகிவிட்டன என்பது கவாண்டேயின் குற்றச்சாட்டு. தம் மனைவியின் பாட்டி அத்தகைய இல்லமொன்றில் கண்ணியமாக நடத்தப்பட்டும், வேளைக்கு உணவும் மருந்தும் பெற்றும், வாழும் விருப்பத்தையே இழந்து மெலிந்த கதையை அவர் சொல்லும்போது நடை தணிந்து செல்கிறது. எவர்மீதும் பழி சுமத்தவில்லை. அந்த இல்லம் தன் கடமையைச் செய்தது. கடமை என்று அது எதைக் கொண்டிருந்தது என்பதே சிக்கல்.

இந்தப் பின்னணியில்தான் கேரன் பிரவுன் வில்சன் என்ற பெண்மணியின் முயற்சி பொருள் பெறுகிறது. பத்தொன்பது வயதில், பக்கவாதத்தால் வீழ்ந்த தாயை இல்லமொன்றில் விடவேண்டிய நிலைக்கு ஆளானவர் அவர். தாய்க்கு வேண்டியவை பெரியவை அல்ல: ஒரு சிறு அறை, சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு, தனக்கென ஒரு குளியலறை, வளர்த்துவந்த பூனை, உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளக்கூடிய கதவு. 1983-இல் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் வில்சன் 112 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தைத் திறந்தார். தங்கியிருப்போர் ‘நோயாளிகள்’ அல்லர், ‘குடியிருப்போர்’. கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. ஊழியர் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். முடமானவர்களும் நினைவு தடுமாறுவோரும் உள்ளிருந்து பூட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அரசு மேற்கொண்ட ஆய்வு 1988-இல் வெளிவந்தபோது, குடியிருப்போரின் உடல்நலம் குன்றவில்லை, மனநிறைவு கூடியிருந்தது, அரசு உதவி பெற்றவர்களுக்கான செலவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று தெரியவந்தது.

தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இந்த ஒரு செய்தியில் இல்லப் பராமரிப்பின் இலக்கணமே அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். நம் ஊர்களில் ஓர் இல்லத்துக்குச் செல்லும்போது கதவுகளைக் கவனித்துப் பாருங்கள். கூடத்தின் இரும்புக் கிரில் வெளியே பூட்டப்பட்டிருக்கும். குளியலறைக்குத் தாழ்ப்பாளே இராது, “வழுக்கி விழுந்தால் எப்படித் திறப்பது?” என்பார்கள். தாழ்ப்பாள் அகற்றப்பட்ட அதே குளியலறையில் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடியும் இராது, தரையில் வழுக்காத ஓடும் இராது. அச்சத்தைச் சொல்லி உரிமையைப் பறித்துக்கொண்டோம். அச்சத்தைப் போக்கும் செலவை மட்டும் செய்யவில்லை. விழுதல் எத்துணைக் கொடியது என்பதை இந்நூலே விரிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் மூன்றரை இலட்சம் பேர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 40 பேர் இல்லத்தில் சேர்க்கப்படுகிறார்கள். 20 பேர் பின்னர் நடப்பதேயில்லை. நூலில் வரும் முதியோர் மருத்துவர் ஒருவர் தம்மிடம் வந்த மூதாட்டியின் பாதங்களைக் காலணி கழற்றி, விரலிடுக்கு உட்பட நெடுநேரம் பார்க்கிறார். தன் காலுக்குத் தானே குனிய முடியாதவர் விழக்கூடியவர் என்பது அவரது கணிப்பு. நம் இல்லங்களில் மாதம் ஒருமுறை வந்துபோகும் மருத்துவர்களில் எத்தனை பேர் பாதத்தைப் பார்க்கிறார்கள்?

ஐந்தாம் அதிகாரம் நூலின் உச்சம். நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில் 80 பேர் தங்கிய இல்லத்துக்கு 1991-இல் பில் தாமஸ் என்னும் இளம் மருத்துவர் பொறுப்பேற்கிறார். அங்கே சலிப்பும் தனிமையும் கையறு நிலையும் கொள்ளைநோய்களாய்ப் பரவியிருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. ஒரு நாயோ ஒரு பூனையோ வைத்துக்கொள்ள மட்டுமே அரசு விதி இடங்கொடுத்த இடத்தில், அவர் இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு கிளிகளையும் கொண்டுவருகிறார். கூண்டுகள் வருமுன் கிளிகள் வந்துவிட்டன! முடிதிருத்தும் அறையில் அவற்றைப் பறக்கவிட்டு, ஊழியர்கள் தடுமாறிக்கொண்டு கூண்டுகளைப் பொருத்த, முதியவர்கள் கண்ணாடி வழியே பார்த்துச் சிரித்தார்களாம். இரண்டாண்டு ஆய்வில், அருகிலிருந்த வேறோர் இல்லத்தோடு ஒப்பிட, ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட மருந்துகள் பாதியாகக் குறைந்தன. இறப்பு நூற்றுக்கு 15 குறைந்தது. பேசாதிருந்தவர்கள் பேசினார்கள். நடக்க மாட்டார் என்று கருதப்பட்டவர் செவிலியர் மேசைக்கு வந்து, நாயைத் தானே உலவ அழைத்துச் செல்வதாகச் சொன்னார்.

கவாண்டே இப்பகுதியை மிக்க மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். படிக்கிறவருக்கும் அது தொற்றுகிறது. தொற்றும் இந்த மகிழ்ச்சியின்மீதுதான் நமக்கு ஒரு சிறு ஐயம். இறப்பு குறைந்ததன் காரணத்தை ஆய்வு விளக்கவில்லை என்று ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார். எனினும் கிளிகளே நம் நினைவில் தங்கிவிடுகின்றன. அதே அதிகாரத்தில் வரும் இன்னொரு செய்தி நழுவிவிடுகிறது. தரையில் நாய் அசுத்தம் செய்தால் துடைப்பவர் யார் என்பதில் ஊழியரிடையே பூசல் மூண்டது. படித்த செவிலியர் இதற்காகவா வந்தோம் என்று முறுமுறுத்தார்கள். அப்பூசல் தீரும் வழியில்தான் அந்த இல்லம் உண்மையில் மாறியது என்று நமக்குத் தோன்றுகிறது. கிளி வாங்குவது எளிது. நம் ஊர் நன்கொடையாளர் ஒருவர் இதைப் படித்தால் அடுத்த வாரமே கூண்டோடு அனுப்பிவைத்து, தம் பெயரையும் அதில் எழுதச் சொல்லிவிடுவார். அதற்குத் தீனி போடுவதும் கூண்டைக் கழுவுவதும் ஏற்கெனவே இருபது பேரைக் குளிப்பாட்டும் ஆயாவின் தலையில் விழும்.

இவ்விடத்தில் நூலின் பெருங்குறை வெளிப்படுகிறது. மருத்துவர், நிறுவனர், மகள், முதியவர் ஆகிய அனைவரையும் பெயரோடும் முகத்தோடும் காட்டும் கவாண்டே, உடம்பைத் தொட்டுத் துடைக்கிற கடைநிலைப் பணியாளரின் கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் மிகக் குறைவாகவே பேசுகிறார். நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகளில் இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. 2020-இன் தொடக்கத்தில் கொரோனா நோய் முதலில் புகுந்த இடங்களுள் வாஷிங்டன் மாநிலத்தின் முதியோர் இல்லங்களும் அடங்கும். நோய்க்குறி இருந்தும் வேலைக்கு வந்த ஊழியராலும், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் பணிபுரிந்த ஊழியராலும் தொற்று இல்லம் விட்டு இல்லம் சென்றதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. ஒரே இல்லத்தின் ஊதியத்தில் வாழ முடிந்தவர் இரண்டாவது இல்லத்துக்கு ஏன் ஓடுகிறார்? விடுப்பெடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்பவர் காய்ச்சலோடுதான் வருவார். கனடாவில் முதல் அலையின் சாவுகளில் ஐந்தில் நான்கு பங்கு இல்லங்களிலேயே நேர்ந்தன. ஆயாவின் சம்பளப் பட்டியலும் முதியவரின் பாதுகாப்பும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள் என்பதை இந்நூல் கண்டிருக்க வேண்டும்.

நம் சூழலில் இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். படுத்த படுக்கையாயிருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர் பாடத்தின் அரிச்சுவடி. தவறினால் முதுகும் இடுப்பும் புண்ணாகும். அத்தகையோர் இருபது பேர் இருக்கும் இல்லத்தில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒரே பணிப்பெண் என்று கொள்வோம். இருபது பேரை நான்கு முறை, அதாவது எண்பது முறை புரட்ட வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் என்றால் 400 நிமிடங்கள். இரவுப் பணியின் மொத்தமே 480 நிமிடங்கள்தான். எஞ்சிய 80 நிமிடங்களில் அவள் ஈரத்துணி மாற்றவேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் தரவேண்டும், இருமுகிறவரை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், எழுந்து தடுமாறுகிறவரைத் தாங்க வேண்டும். கனத்த உடம்பைத் தனியொருத்தியால் புரட்டவும் முடியாது. ஆகவே புரட்டுவதில்லை. அவளிடம் இரக்கம் குறைவு என்று நாம் சொல்லப்போகிறோமா? விடியற்காலையில் புண்ணைப் பார்த்துக் கடிந்துகொள்ளும் மேலாளர் இந்தக் கூட்டல் பெருக்கலைச் செய்து பார்த்ததுண்டா?

டெல்லியைப் பற்றிய பக்கங்களை நாம் தனியே சொல்லவேண்டும். தெற்கு டெல்லியின் குடிசைப் பகுதியில், பண்டகசாலை ஒன்றை மாற்றியமைத்து நடத்தப்படும் இல்லத்துக்குக் கவாண்டே செல்கிறார். நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே உள்ளனர். மருத்துவமனைகளும் பிற இல்லங்களும் ஏற்க மறுத்தவர்களை அதன் நிறுவனர் ஏற்றுக்கொள்கிறார். நெருக்கியடித்த கட்டில்களையும் துர்நாற்றத்தையும் அந்த மனிதரின் இரக்கத்தையும் கவாண்டே ஒருங்கே காட்டுகிறார். ஆனால் மேனாடுகள் சென்ற நூற்றாண்டுகளில் கண்ட வறியோர் விடுதிகளின் மறுதோற்றமாக அதைக் கண்டு, மேலே சென்றுவிடுகிறார். நாம் அவர்களுடைய நேற்று. அவர்கள் நம்முடைய நாளை. அப்படியானால் முதலில் நாம் பாதுகாப்பை அடையவேண்டும், பின்னர் ஒரு தலைமுறை சலித்துச் சாகவேண்டும், அதற்குப் பின்னரே தாழ்ப்பாளையும் கிளியையும் எண்ணலாம் என்றாகிறது. இந்தப் படிவரிசையை நாம் ஏற்பதற்கில்லை.

ஏற்காததற்குக் காரணம் உண்டு. பாதுகாப்பின் பெயரால் உரிமையைப் பறிப்பதும், பாதுகாப்பையே தராமலிருப்பதும் நம் நாட்டில் ஒரே கட்டடத்துக்குள் நிகழ்கின்றன. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் மனநலக் காப்பிடம் ஒன்று தீப்பற்றியபோது 28 பேர் கருகி மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. அது முதியோர் இல்லமன்று. ஆயினும் அங்கே அவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் அவர்களுடைய பாதுகாப்பே. ஓடிவிடக் கூடாது, விழுந்துவிடக் கூடாது, பிறருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது. அச்சங்கிலிதான் தீயிலிருந்து தப்ப விடாமல் தடுத்தது. நினைவு தடுமாறும் மூதாட்டியை நாற்காலியோடு சேலைத் துணியால் கட்டிவைக்கும் பழக்கத்தை, இரவில் வெளியே பூட்டிச் சாவியைக் காவலாளியின் சட்டைப்பையில் விடும் பழக்கத்தை இதன் ஒளியில் பார்க்கவேண்டும்.

கவாண்டேயைப் படித்தபின் நாம் பீட்டர் டவுன்சென்டின் நூலை நினைத்துக்கொண்டோம். 1962-இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் ரெஃப்யூஜ்’ என்ற அந்தப் பெருநூல் இலக்கியமாகத் தன்னை எண்ணிக்கொண்டதில்லை. 1948-இன் சட்டத்தை ஒட்டி, பழைய வறியோர் விடுதிகள் ஒழியும், முதியோர் சிறு விடுதிகளில் விருந்தினர்போல் வாழ்வர் என்று பிரித்தானிய ஆட்சியாளர் வாக்களித்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து டவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களுக்கு நேரில் சென்றார். பழைய விடுதிகள் பெயர்மாற்றத்தோடு அப்படியே நின்றன. அவர் கட்டில்களை எண்ணினார், ஊழியரை எண்ணினார், வெளியே சென்றுவர விடுகிறார்களா என்று கேட்டார், குளிப்பாட்டும் உதவியாளராகத் தாமே சில நாள் பணிபுரிந்தும் பார்த்தார். கவாண்டேயிடம் உள்ள கதை சொல்லும் அழகு அவரிடம் இல்லை. ஆனால் கவாண்டே தேர்ந்தெடுத்த இல்லங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவை: ஒன்று மிக நல்லது, ஒன்று மிகத் துன்பமானது. டவுன்சென்டின் நூலில் நடுத்தரமான, எவரும் கதை எழுத மாட்டாத இல்லங்கள் நிறைந்துள்ளன. நம் தாய் தந்தையர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் அந்த நடுத்தரமே. நமக்கு இப்போது வேண்டியவர் அப்படி எண்ணிப் பார்க்கும் ஒருவர்.

எண்ணிப் பார்ப்பதை நம் சமூகம் விரும்புவதில்லை என்பதும் உண்மை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பதெல்லாம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம் என்பதே. அதன் 19-ஆம் பிரிவு மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 ஆதரவற்றோர் தங்கத்தக்க இல்லம் அமையலாம் என்கிறது. அவற்றின் தரத்தையும், மருத்துவக் கவனிப்பையும், பொழுதுபோக்கையும் திட்டமிடச் சொல்கிறது. (பொழுதுபோக்கு என்பதைக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை ஓடவிட்டு நிறைவேற்றிவிடுகிறோம். எந்த அலைவரிசை என்பதைச் சமையற்காரர் முடிவுசெய்கிறார்.) 150 பேரை ஒரே கூரையின்கீழ் வைக்கும் எண்ணத்தைக் கவாண்டே படித்திருந்தால் திடுக்கிட்டிருப்பார். பில் தாமஸ் பின்னாளில் 2003-இல் மிசிசிப்பி மாநிலத்தில் தொடங்கிய புதுவகை இல்லங்கள் ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் அளவிலேயே தங்கினர். ஒரு சமையலறையைச் சுற்றி ஒரு குடும்பம்போல் வாழக்கூடிய எண்ணிக்கை அது.

சட்டம் ஒருபுறமிருக்க, நம் கத்தோலிக்க இல்லங்களைப் பற்றி நாமே பேசாவிட்டால் யார் பேசுவார்? அருட்சகோதரிகள் நடத்துகிறார்கள் என்றால் நாம் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. கேட்பது நன்றியின்மை என்று எண்ணுகிறோம். அவர்களின் தியாகத்தில் நமக்கு ஐயமில்லை. பலர் தம் உடல்நலத்தையே அதில் கரைத்துக்கொண்டவர்கள். ஆனால் கேள்வி கேட்கப்படாத இடத்தில் அவர்களும் தனித்து விடப்படுகிறார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கேக்கோடும் பாடகர் குழுவோடும் போகிறோம். 2021 முதல் ஜூலையில் கொண்டாடப்படும் தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளில் பொன்னாடை போர்த்துகிறோம். ஒரு வேளை உணவுக்கு இவ்வளவு என்று எழுதிய பலகையைப் பார்த்து, பிறந்தநாளன்று பிரியாணி வழங்கிப் படமும் எடுத்துக்கொள்கிறோம். சர்க்கரை நோயாளிக்கு அன்று என்ன கொடுத்தார்கள் என்று கேட்டதுண்டா? இரவுப் பணியாளர் ஒருவரின் மாதச் சம்பளத்துக்கு இவ்வளவு என்று எழுதிய பலகையை எந்த இல்லத்திலும் நாம் கண்டதில்லை. இருந்திருந்தால் அதைத் தேர்ந்திருப்போமா என்பதும் ஐயமே.

பிரான்சில் 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கண்ணிழந்த மூதாட்டி ஒருவரைச் சுமந்துவந்து தம் கட்டிலைக் கொடுத்துவிட்டு மச்சில் படுத்துக்கொண்ட ழான் ழுகானின் கதையை நாம் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். அவர் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை நம் நாட்டிலும் பணியாற்றுகிறது. மறையுரைகளில் அவ்வளவாக இடம்பெறாத ஒரு செய்தியும் அவர் வரலாற்றில் உண்டு. இல்லத்துக்கு வந்த மூதாட்டியர் அதுவரை வீடுவீடாகச் சென்று இரந்து பிழைத்தவர்கள். அவர்கள் இனித் தெருவில் அலைய வேண்டாம் என்று, அவர்களிடமே வீடுகளைக் கேட்டறிந்து, அவர்களுக்குப் பதிலாகத் தாமே கூடையோடு அவ்வாசல்களில் போய் நின்றார். யாருக்குக் கொடுத்தோமோ அவரிடமே கேட்டறிந்து செய்வது என்ற இந்தப் பணிமுறைதான் வில்சனின் தாழ்ப்பாளுக்கும் அடியில் இருப்பது. தாய் என்ன விரும்பினாள் என்று மகள் கேட்டிருந்தாள்.

இங்கே மகனும் மகளும் கேட்பது வேறு. நூலின் கூரிய இடங்களுள் ஒன்று இது: வில்சன் தொடங்கிய இயக்கம் பெருவணிகமாகிய பின், இல்லங்கள் பிள்ளைகளின் கண்ணுக்காகவே அழகுபடுத்தப்பட்டன என்கிறார் கவாண்டே. இடத்தைத் தேர்பவர்கள் பிள்ளைகளே. வரவேற்பறையின் பளபளப்பு அவர்களுக்கு. பாதுகாப்பு என்ற சொல்லும் அவர்களுடைய மன அமைதிக்கு. நம் நகரங்களின் புறவழிச் சாலைகளில் இன்று எழும் கட்டண இல்லங்களின் விளம்பரங்களைப் பார்த்தால், வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளை விளித்தே அவை எழுதப்பட்டிருப்பது தெரியும். கண்காணிப்புக் கேமரா பொருத்தியுள்ளோம், கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். தாய் உடை மாற்றுவதும் அதில் தெரியுமே என்று எவரும் தயங்குவதாகத் தெரியவில்லை.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் பேதுருவின் முதுமையைக் குறித்து ஆண்டவர் கூறுவது நமக்குத் தெரியும். தன் விருப்பப்படி நடமாடியவன் ஒரு நாள் பிறர் கைப்பட்டு, தான் நாடாத திசையில் கொண்டுசெல்லப்படுவான் என்ற பொருளில் அமைந்த அவ்வாக்கை, அவர் இறக்கவிருந்த விதத்தைக் குறிப்பதாக நற்செய்தியாளர் விளக்குகிறார். ஓர் இல்லத்தின் காலை நேரத்தை அறிந்தவர் அதைப் படிக்கும்போது பேதுருவை மட்டும் நினைக்க முடிவதில்லை. ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு எழுப்பி, வரிசையாகக் குளிப்பாட்டி, எவருடையதென்று தெரியாத சட்டையை அணிவித்து, ஆறரைக்கு நற்கருணைக்கு முன் கொண்டுவந்து அமர்த்தப்படுகிறவர்கள் அவர்கள். சிலர் அந்தத் திருப்பலிக்காகவே விடியலை எதிர்நோக்கியிருப்பார்கள். சிலருக்கு இன்னும் ஒரு மணி நேரம் தூங்கவேண்டும் போலிருக்கும். இருவரையும் பிரித்தறிவதற்கு அவர்களைக் கேட்டால் போதும்.

நூலின் பிற்பகுதியைப் பற்றி ஒரு சொல். சாவை விரைவுபடுத்தும் மருத்துவ உதவியைப் பற்றிக் கவாண்டேயின் நிலை முற்றிலும் நம் திருச்சபையின் நிலையன்று. ஆயினும் நெதர்லாந்தில் அதை நாடுவோர் மிகுந்திருப்பதை வெற்றியாகக் கொள்ள முடியாது, அது தோல்வியின் அடையாளம் என்று அவர் எழுதுவதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். இருக்கும் நாள்களை வாழத்தக்கவையாக்கத் தவறிய இடத்தில் இறப்பு விருப்பமாகிறது என்ற கருத்து, இல்லங்களைப் பற்றிய முற்பகுதியோடு நன்கு பொருந்துகிறது. தந்தையின் சாம்பலைக் கங்கையில் கரைக்கும் இறுதிப் பக்கங்களில், அந்நீர் மாசுபட்டது என்று நன்கறிந்த மருத்துவரான அவர், மருந்தை முன்கூட்டியே உட்கொண்டு, சடங்கின்படி மூன்று மிடறு குடிக்கிறார். மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணி ஒன்று தொற்றியும்விடுகிறது! இடர்ப்பாட்டை அறிந்தே ஏற்கும் அந்த உரிமையைத் தமக்கு அவர் எடுத்துக்கொண்டார். இனிப்புப் பலகாரத்தில் ஒரு துண்டு கேட்கும் எண்பது வயதுக்காரருக்கு நாம் அதைக் கொடுப்போமா?

இந்நூலின் நான்காம், ஐந்தாம் அதிகாரங்களையேனும் எவரேனும் நல்ல தமிழில் ஆக்கித் தந்தால், மறைமாவட்டத்தில் இல்லம் நடத்துவோர் கூடும் நாளொன்றில் அவற்றை உரக்கப் படிக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு மேலாளர்களோடு இரவுப் பணியாளர்களையும் அழைக்கவேண்டும். அன்றைய கூலி பிடிக்கப்படாது என்ற உறுதியோடு. நடக்கக்கூடிய முதியவர்கள் சிலர் வந்தால் இன்னும் நல்லது. நன்கொடையாளர் வரிசைக்குச் சற்றுப் பின்னால் இடம் போடலாம்.